இரத்தம் தண்ணீராவதில்லை

"இரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை" என்னும் தொடரை நம் ஊர்களில் முதன்முதலாக வழங்கியவர் யாரோ, அறியோம். மருந்துக்கடைச் சிப்பந்தியாக இருக்கலாம். வரிசையில் நாற்பது பேரைக் காக்கவைத்திருந்த மருத்துவராகவும் இருக்கலாம். யாராயினும், அந்த ஒரு தொடர் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்து எத்தனை பேரின் வலக்கையையும் நாவையும் முடக்கிப் போட்டது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். தண்ணீரான இரத்தம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் வீட்டார் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? வெளிறிய முகம், தள்ளாடும் கால், சோகை. இருக்கிற இரத்தத்தையும் தண்ணீராக்கிக்கொள்ள யார்தான் விரும்புவர்? மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் மருத்துவரிடம் "சாப்பிடுகிறேன்" என்ற பதில் மட்டும் ஒழுங்காகப் போகிறது.

இந்த மாத்திரையால் இரத்தம் நீர்ப்பதில்லை. அதன் சிவப்பு குறைவதில்லை. அதன் சத்து குறைவதில்லை. இரத்தம் உறைவதற்கென உடலில் ஒன்றையொன்று தூண்டிவிடும் புரதச் சங்கிலியொன்று உண்டு. அதில் ஓரிரு கண்ணிகளின் வேகத்தை மருந்து மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. உறைவுத் தடுப்பு மருந்து என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளாது. அப்படிச் சொல்லிப் பழகியிருந்தால் பாதி அச்சம் பிறந்தே இராது.

இப்போது நோய்க்கு வருவோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் சொல்வதை இதய மேலறை நடுக்கம் என்று தமிழில் சொல்லலாம். இதயத்தின் மேலறைகள் இரண்டும் சேர்ந்து சுருங்கி, கீழறைகளுக்கு இரத்தத்தைத் தள்ளிவிட வேண்டும். இந்நோயில் அவை சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை ஒழுங்கின்றித் துடிதுடிக்கின்றன. அடுப்பில் கொதிக்கும் கஞ்சியின் மேற்பரப்பு அசைவதுபோல அசைகின்றனவே தவிர, வேலை ஏதும் நடப்பதில்லை. கீழறைகளோ வருகிற தூண்டல்களில் சிலவற்றை மட்டும் ஏற்று, தாளம் தவறித் துடிக்கின்றன. மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு விரைந்தும், அடுத்தது தாமதித்தும், ஒன்று வலிந்தும் ஒன்று மெலிந்தும் வருவது தெரியும். தம் 'கானூன்' நூலில் நாடியின் வகைகளை அத்தனை விரிவாக எழுதிய இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் வீட்டு முதியவரின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் ஓர் இ.சி.ஜி. எடுப்பதோடு கண்டறியும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

படபடப்பு இந்நோயின் சிறிய தொல்லை. பெரிய தொல்லை வேறு. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல்போலத் தொங்கும் ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை சுருங்காதபோது அப்பையில் இரத்தம் தேங்குகிறது; தேங்கியது உறைகிறது; உறைந்தது ஒருநாள் பெயர்ந்து, மூளைக்குச் செல்லும் நாளத்தில் போய் அடைக்கிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களின் மேலறைக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் உருவாகின்றன. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்னும் ஊர்மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வாளர்கள், இந்நோயுள்ளோர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1991இல் எழுதினார்கள். எண்பது வயதைக் கடந்தோரிடையே நேரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதுவே காரணமென்றும் கணித்தார்கள்.

"எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, நெஞ்சு படபடக்கவில்லையே" என்பார் உளர். பக்கவாதத்தின் வாய்ப்பை எடைபோட மருத்துவர்கள் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கில் படபடப்புக்கு இடமே இல்லை. இதயத் தளர்ச்சி, இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 65 முதல் 74 வயது வரை ஒன்று. 75ஐ எட்டினால் இரண்டு. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண்ணாயிருப்பதற்கும் ஒரு புள்ளி தந்துவந்தார்கள். 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அதை எடுத்துவிட்டது. இரண்டு புள்ளி சேர்ந்துவிட்டால் உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும் என்பதே பரிந்துரை; ஒன்று என்றால் பேசி முடிவெடுக்க வேண்டும். சர்க்கரையும் அழுத்தமும் இல்லாத அறுபது வயதுக்காரர் எத்தனை பேரை நம் தெருவில் எண்ணிக் காட்ட முடியும்? நடுக்கம் வந்து வந்து போவதும் காப்பன்று. வந்துபோன வேளையில் உண்டான கட்டி, நடுக்கம் நின்ற பிறகும் பெயரலாம்.

மருந்தை மறுப்போர் சொல்லும் முதல் வாதம்: "வயதானவர், வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டால் இரத்தம் நிற்காதே!" இது அன்பினால் எழும் வாதம். ஆகவேதான் இதை எளிதாய்த் தள்ளிவிடாமல் கணக்குப் பார்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக, 1999இல் கனடா நாட்டு மருத்துவர்கள் சிலர் இதே கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்தனர். வார்ஃபரின் உண்ணும் முதியவர் ஓராண்டில் ஏறத்தாழ 295 முறை கீழே விழுந்தால்தான், மருந்தின் நன்மையை மூளைக் கசிவின் தீமை விஞ்சும் என்பது அவர்கள் கண்ட விடை. அன்றாடம் விழுகிற ஒருவரை நாம் பார்த்திருக்கிறோமா? மாதமொருமுறை தடுமாறுகிறவர் வீட்டில் செய்ய வேண்டியது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், இரவில் விளக்கெரிய விடுவதும், வழுக்கும் பாயை எடுத்துவிடுவதும். மாத்திரையை எடுத்துவிடுவதன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. 1994இல் ஐந்து ஆய்வுகளை ஒன்றாய்த் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தில்லாதோரில் நூற்றுக்கு 4.5 பேருக்கு ஆண்டுதோறும் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் உண்டோரில் 1.4 பேருக்கு. பெரிய இரத்தக் கசிவோ, மருந்தில்லாதோரில் நூற்றுக்கு ஒருவருக்கு; மருந்துண்டோரில் 1.3. ஆய்வுக்கு ஆள் பொறுக்கும்போது நலிந்தவர்களை ஒதுக்கியிருப்பார்கள் என்று யாரேனும் சொன்னால், அது நியாயமான மறுப்பே. அன்றாட வாழ்வில் கசிவு இதனினும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பக்கவாதத்தைத் தடுக்கிற ஒரு பொருளை எதிர்ப்பதற்கு, அண்டை வீட்டுக்காரருக்கு மூக்கில் இரத்தம் வந்த கதை போதாது.

அப்படியானால் நாம் ஏன் ஒன்றுக்கு மட்டும் அஞ்சுகிறோம்? இங்கேதான் நம் மனத்தின் கோணல் தெரிகிறது. மருந்து கொடுத்து இரத்தம் கசிந்தால், "நீதானே கொடுத்தாய்" என்று குடும்பம் மகனைக் கேட்கும். மகன் மருத்துவரைக் கேட்பான். மருந்து கொடுக்காமல் பக்கவாதம் வந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. "நஸீபு, என்ன செய்ய?" என்று முடித்துவிடுகிறோம். செய்ததால் வந்த தீங்குக்கு ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கிறோம். செய்யாததால் வந்த தீங்கை இறைவனின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பழிக்கு அஞ்சுவதை நோயாளிமேல் வைத்த பரிவென்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளுகிறோம். இதில் மருத்துவர்களும் விதிவிலக்கல்லர். தாம் எழுதிக்கொடுத்த மருந்தால் இரத்தம் கக்கிய நோயாளியை அவர்கள் வாழ்நாளெல்லாம் மறப்பதில்லை. தாம் எழுதாமல் விட்டதால் முடங்கியவர் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருப்பார், அவர் கண்ணில் படவே மாட்டார்.

இந்த அச்சத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு சமரசம் செய்துகொள்ளுகிறோம். அதன் பெயர் ஆஸ்பிரின். "இலேசான மருந்து, வயதுக்கு ஏற்றது" என்று சொல்லிக் காலையில் ஒரு சின்ன மாத்திரை. கொடுத்தவருக்கு நிம்மதி, உண்டவருக்கும் நிம்மதி. இந்த நிம்மதியைவிட ஏமாற்று வேறில்லை. இங்கிலாந்தில் 75 வயதைக் கடந்த 973 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் உண்டோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.8 பேருக்குப் பக்கவாதமோ அதையொத்த அடைப்போ மூளைக் கசிவோ நேர்ந்தது. வார்ஃபரின் உண்டோரில் 1.8 பேருக்கு. பெருங்கசிவில் இருதரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமையில்லை. முதியவர்க்கென்றே நடத்திய ஆய்வு இது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்து வந்ததோ நம் ஏட்டின் வாசகர்களுக்குத் தனியே சொல்லத்தக்கது. வார்ஃபரின் ஒவ்வாதென்று ஒதுக்கப்பட்ட 5599 பேரை 36 நாடுகளில் திரட்டி, ஒரு பாதிக்கு அபிக்ஸபான் என்னும் புது மருந்தையும் மறுபாதிக்கு ஆஸ்பிரினையும் கொடுத்தார்கள். ஆய்வுக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'அவெரோஸ்'. மருந்துகளின் பெயரெழுத்துகளைச் சேர்த்துக் கோத்ததுதான். ஆயினும் அவெரோஸ் என்பது யார்? கொர்தோபாவில் பிறந்து, 'குல்லியாத்' என்னும் மருத்துவ நூலை எழுதிய நம் இப்னு ருஷ்தின் இலத்தீன் பெயரன்றோ! அவர் பெயரைத் தாங்கிய அவ்வாய்வு 2011இல் சொன்னதாவது: ஆஸ்பிரின் தரப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.7 பேருக்கு அடைப்பு. அபிக்ஸபான் தரப்பில் 1.6. பெருங்கசிவோ 1.2க்கு 1.4. வேற்றுமை இத்தனை தெளிவாய் இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 'இலேசான' மருந்தின் கசிவு, 'கடுமையான' மருந்தின் கசிவுக்கு ஏறத்தாழச் சமம். காப்போ பாதிகூட இல்லை. இதற்குப் பிறகும் மேலறை நடுக்கத்துக்கு ஆஸ்பிரின் மட்டும் எழுதுகிற பேனாவை என்னவென்பது? இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்க்கு ஆஸ்பிரின் வேண்டியிருக்கலாம். அது வேறு நோய்க்கு, வேறு கணக்கு.

ஆஸ்பிரினுக்கு ஒரு தம்பி இருக்கிறான், பாதி மாத்திரை. "ஐந்து மில்லிகிராம் எழுதியிருக்கிறார், இரண்டரை போதும், நாமாகக் குறைத்துக்கொள்வோம்." அபிக்ஸபானைப் பாதியாக்குவதற்கு விதி உண்டு. 80 வயது, 60 கிலோவுக்கு மேற்படாத எடை, சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தவேண்டும். மருமகனின் அபிப்பிராயம் அந்தப் பட்டியலில் இல்லை.

"எலி மருந்தையா வாப்பாவுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு வார்ஃபரினை வாயடைக்கச் செய்வோரும் உளர். கேள்வியில் உண்மை இருக்கிறது. முழு உண்மை சுவையானது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் கெட்டுப்போன இனிப்புக் கிராம்புப்புல் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. 1933இல் விஸ்கான்ஸின் மாநிலத்து விவசாயி ஒருவர், உறையாத இரத்தத்தைப் பால்கேனில் சுமந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து, கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் கூடத்தில் வைத்தார். ஆண்டுக்கணக்கான உழைப்பில் அந்தப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்ததும் மெய். 1954இல் மனிதர்க்கு மருந்தாக ஏற்கப்பட்டதும் மெய். அடுத்த ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்குக் கொடுக்கப்பட்டதும் மெய். எலிக்கு நஞ்சாவதும் மனிதனுக்கு மருந்தாவதும் அளவினால். அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை இருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நிற்கவேண்டும். கீழே போனால் காப்பில்லை, மேலே போனால் கசிவு.

புதிய மருந்துகளுக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை. டபிகட்ரான் 2009இலும், ரிவராக்ஸபானும் அபிக்ஸபானும் 2011இலும் பெரும் ஆய்வுகளில் தேறின. அபிக்ஸபான் ஆய்வில் மண்டையோட்டுக்குள் கசிவு ஆண்டுக்கு நூற்றுக்கு 0.33 பேருக்கே; வார்ஃபரினில் அது 0.80. காப்புரிமை தீர்ந்து நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் செய்யத் தொடங்கியதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் சோதனை வேண்டாம் என்பதை, கவனமே வேண்டாம் என்று படித்துக்கொண்டவர்கள் பலர். இவற்றின் வேலை அரைநாளில் பாதி தேய்ந்துவிடும். இரண்டு வேளை விட்டால் காப்பே விட்டது. சிறுநீரகச் சோதனையும் ஆண்டுக்கொருமுறையேனும் வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பக்கத்து வீட்டாரின் மாத்திரையைப் பார்த்து மாற்றிக்கொள்வது. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் கண்டு, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் நாட்டில் இன்றும் ஏராளம். நாற்பது வயதுப் பெண்களும் அவர்களில் உண்டு. இவர்களுக்குப் புது மருந்து ஆகாது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ருமாட்டிக் இதயநோயும் மேலறை நடுக்கமும் உள்ள ஏறத்தாழ 4500 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்துண்டோரே குறைவாக இறந்தார்கள். உலோக வால்வு பொருத்தியவர்க்கும் வார்ஃபரின் வகைதான். டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு தீங்கு கண்டு 2012இல் நிறுத்தப்பட்டது. 'பழைய மருந்து' என்று இளக்காரமாய்ப் பேசுவோர் இதை அறிந்து பேசட்டும். வார்ஃபரினோ, நம்மூரில் அதிகம் வழங்கும் அசினோகூமராலோ உண்பவர் முருங்கைக்கீரையை முற்றும் துறக்க வேண்டியதில்லை. இந்த வாரம் நாள்தோறும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று ஊசலாடாமல் ஒரே அளவில் உண்டால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைதான் உண்மையான பகைவன். எந்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தாலும் அது கசிவைக் கூட்டும். லேகியமும் சூரணமும் உண்கிறவர் அதை மருத்துவரிடம் மறைப்பது, தம் ஐ.என்.ஆரை இருட்டில் விடுவதே.

துடிப்பின் தாளத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் நான் கடுமையாய்ப் பேசமாட்டேன்; அங்கே கடுமைக்கு இடமில்லை. இரண்டு வழிகள். தாளம் தவறட்டும், வேகத்தை மட்டும் மெட்டோப்ரலால், டில்டியாஸெம் போன்ற மாத்திரையால் அடக்கலாம் என்பது ஒன்று. மின்னதிர்ச்சியாலோ, அமியோடரோன் போன்ற மருந்தாலோ, கதீட்டர் அப்லேஷன் என்னும் சிகிச்சையாலோ தாளத்தையே மீட்கலாம் என்பது மற்றொன்று. 2002இல் 4060 பேரை வைத்து இரு வழிகளையும் ஒப்பிட்டபோது ஆயுளில் வேற்றுமை காணவில்லை. 2020இல், நோய் கண்டு ஓராண்டுக்குள் இருந்த 2789 பேரிடம் பார்த்தபோது தாளத்தை மீட்பதால் பக்கவாதம், இதய நோய் மரணம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முரண்போலத் தோன்றினாலும் முரணன்று. முன்னதில் நாட்பட்ட நோயாளர் மிகுதி, பின்னதில் புதியவர், இடையே சிகிச்சையும் திருந்தியிருந்தது.

முதல் ஆய்வில் ஒரு செய்தி அதிகம் பேசப்படாமல் போயிற்று. இருதரப்பிலும் நேர்ந்த பக்கவாதங்களில் பெரும்பாலானவை வார்ஃபரினை நிறுத்திவிட்டவர்க்கும், ஐ.என்.ஆர். இரண்டுக்குக் கீழ் இறங்கியவர்க்குமே நேர்ந்தன. "தாளம் சீராகிவிட்டது, இனி எதற்கு அந்த மருந்து?" என்ற எண்ணமே அவர்களில் பலரை வீழ்த்தியது. அப்லேஷன் செய்துகொண்டவரும் குறைந்தது இரண்டு மாதம் மருந்தை விடலாகாது. பிறகு தொடர்வதா விடுவதா என்பதைப் பழைய புள்ளிக் கணக்கை வைத்து மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எனக்கும் இந்நோய் உண்டு, ஒன்பது ஆண்டுகளாக. ஆகையால் அப்லேஷன் பற்றி இரண்டு சொல். 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைஸகேர், நடுக்கத்தைத் தூண்டும் பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிலிருந்து கிளம்புகிறது என்று கண்டு சொன்னார். தொடை நாளத்தின் வழியே கம்பியைச் செலுத்தி அவ்வாயில்களைச் சுற்றிச் சுடுவதோ உறைய வைப்பதோதான் அப்லேஷன். மூச்சு வாங்குகிறது, மாடி ஏற முடியவில்லை, மாத்திரைக்கும் அடங்கவில்லை என்கிறவர்க்கும், இதயத் தளர்ச்சியும் சேர்ந்த சிலர்க்கும் அது மெய்யான நிவாரணம். ஆனால் "ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு" என்று ஒரு பெருநகர மருத்துவமனையில் என்னிடம் விலைப்பட்டியலை நீட்டினார்களே, அதைச் சொல்ல வேண்டும். நோய் திரும்பி வருவது அரிதன்று, இரண்டாம் முறை செய்ய நேரலாம், நூற்றில் சிலருக்குப் பெருந்தீங்கும் நேரலாம் என்ற மூன்று வாக்கியங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்ட பிறகுதான் வந்தன. எனக்குத் தொந்தரவு குறைவு; வேகம் ஓய்விலே 110க்குக் கீழ் நிற்கிறது. அந்த அளவே பலருக்குப் போதும் என்று 2010இல் நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே நான் மாத்திரையோடு நின்றேன். என்னினும் இருபது வயது இளைய, கடையில் நாள்முழுதும் நிற்கும் என் உறவினர் அப்லேஷன் செய்துகொண்டார். இருவரும் சரியே. எடையைக் குறைப்பதும், இரத்த அழுத்தத்தை அடக்குவதும், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோயைப் பார்ப்பதும் எவ்வழிக்கும் துணை. வலிமா விருந்துகளைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. ஆசிரியர் தனிக் கட்டுரைக்கு இடம் தரட்டும்.

இனி, என் சினம் முழுவதற்கும் உரிய இடத்துக்கு வருகிறேன். இத்தனை எடைபோடலிலும் எடைபோட வேண்டியவர் யார்? மருத்துவர் அறையில் நடப்பதைப் பாருங்கள். மூத்த மகன் நாற்காலியில், மருமகன் நின்றபடி, வளைகுடாவிலிருந்து இளைய மகன் தொலைபேசியில். உம்மா வெளியே பெஞ்சில். "உம்மாட்ட ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், பயந்துருவாங்க" என்ற வேண்டுகோள் முதலில் போகிறது. பிறகு நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் மூளையையும் வயிற்றையும் ஏலம் விடுகிறார்கள். முடிவு அவளுக்கு "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்ற கட்டளையாக வந்து சேருகிறது. எதற்கென்று தெரியாத மாத்திரையை எவர்தான் ஒழுங்காய் உண்பர்? பல்லில் இரத்தம் கண்டதும் அவளே நிறுத்திக்கொள்கிறாள். நிறுத்தியதை யாரிடமும் சொல்வதில்லை, ஏனெனில் அவளிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை.

பயந்துவிடுவாளாம்! பிள்ளை பெற்றவள், கணவனை மௌத்துக்குக் கொடுத்தவள், இத்தாவின் நாட்களைத் தனியே எண்ணிக் கழித்தவள். "உங்கள் இதயத்தில் இரத்தம் தேங்குகிறது, கட்டி மூளைக்குப் போகலாம், இந்த மாத்திரை அதைத் தடுக்கும், சில வேளை இரத்தம் கசியலாம், கறுப்பாய் மலம் போனால் உடனே சொல்லுங்கள்" என்ற ஐந்து வாக்கியங்களைத் தாங்கமாட்டாளா? அவள் அஞ்சுவது பெரும்பாலும் மரணத்துக்கன்று. வாய் கோணி, பேச்சற்று, மருமகள் கையால் சுத்தம் செய்யப்பட்டுக் கிடப்பதற்கே அவள் அஞ்சுகிறாள். அதைக் கேட்டறிந்தால், எந்தத் தீங்கைத் தவிர்க்க எந்தத் தீங்கை ஏற்க அவள் இணங்குவாள் என்பது மருத்துவருக்கும் விளங்கும். ஆய்வு, நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்லும். இரண்டு தீங்குகளில் எது பொறுக்கத்தக்கது என்பதை, அதைப் பொறுக்கப்போகிறவரே சொல்லவேண்டும். விளக்கிய பிறகு "வேண்டாம்" என்று அவள் சொன்னால் அதுவும் அவள் உரிமை. விளக்காமல் வாங்கிய "சரி"யோ "வேண்டாம்"மோ யாருடைய முடிவுமன்று.

நோன்பு மாதம் பற்றியும் கேட்டு எழுதுவோர் இருப்பர். ரமளானில் பகல் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிட்டு, நோன்பைக் காத்ததாய் மகிழ்வோரை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஆலிம்கள் சொல்வார்கள். மருந்துக் கணக்கை நான் சொல்லுகிறேன். வார்ஃபரினும் அசினோகூமராலும் பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை, இரவில் கொள்ளலாம். ரிவராக்ஸபான் ஒரு வேளையே, ஆனால் வயிறு நிறைய உண்ட உணவோடு. வெறும் பேரீச்சம்பழத்தோடு போதாது. அபிக்ஸபான் இரு வேளை. நம் நாட்டில் ஸஹருக்கும் நோன்பு துறப்புக்கும் இடையே பதின்மூன்று, பதினான்கு மணிநேரமே ஆதலால், அவ்விரு நேரங்களில் கொள்ள மருத்துவர் பலருக்கு இசைவர். நீர் பிரியும் மாத்திரை உண்போர்க்கும், சிறுநீரகம் தளர்ந்தோர்க்கும், இதயத் தளர்ச்சியுள்ளோர்க்கும் பகலில் நீர் வற்றுவது தீங்கு. அவர்கள் இசைவின்றித் தொடங்கலாகாது. உணவு மாறுவதால் வார்ஃபரின் உண்போர் மாதத்தின் நடுவில் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்க்கவேண்டும். இதையெல்லாம் பிறை தெரிந்த இரவில் பேசிப் பயனில்லை. ஷஃபானிலேயே பேசிவிட வேண்டும்.

பல் பிடுங்கப் போகிறவர்க்கும் ஒரு சொல். "ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டு வா" என்று யார் சொன்னாலும், மருந்தை எழுதிக்கொடுத்தவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம். ஒன்றிரண்டு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. பஞ்சை அழுத்தி வைத்தும் ஒரு தையல் போட்டும் இரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டொன்று சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். முகம் ஒருபுறம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணிநேரமே கெடு. மருந்துண்டிருப்பவர்க்கு அந்த ஊசி போடலாமா, வேறு வழி நாடலாமா என்று முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்கப்போவது, கடைசி மாத்திரை எப்போது உண்டார் என்பதை. அதற்கு விடை சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும்.